மீன்தொட்டி அங்கேயேதான் இருக்கிறது

பிரபு,

நேற்று போனில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது, பந்தல்காரருக்குச் சொல்வது என்று ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் ஒன்று சொன்னாய். "ஹால்ல இருக்க அந்தத் தொட்டிய எடுத்துரும்மா. யாருக்காச்சும் குடுத்துரு. நான் வர்றப்ப அது அங்கன இருக்க வேணாம்." நானும் "சரி, பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நேரில் சொன்னால் நீ எழுந்து மாடிக்குப் போய்விடுவாய். போனில் சொன்னால் "அப்பறம் பேசுறேன்" என்பாய். காகிதத்தில் எழுதினால் எங்கே ஓடுவாய் என்று பார்க்கிறேன். தல்லாகுளத்து ஆபீஸில் உட்கார்ந்து ஆயுசில் பாதியை ஊராருக்குக் கடிதம் டைப் அடித்தே கழித்தவள் நான். பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுதக்கூடாதா? பாதியில் மடித்து வைக்காமல் முழுசாகப் படி.

உன்னைக் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரத்தில்தான் உன் அப்பா அந்த மீனை வாங்கி வந்தார். அது உனக்குத் தெரியும். ஏன் அந்த மீனை வாங்கினார் என்பது உனக்குத் தெரியாது. கடையில் பாரட் மீன் என்று சொன்னார்களாம், கிளி மாதிரி மூக்கு இருப்பதால். கேசரி நிறத்தில் இருக்கும் என்று அவர் பெருமையடித்துக்கொண்டு வந்தார். பைக்குள் பார்த்தால் நீர்மோர் நிறத்தில் ஒன்று மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. "காசு குடுத்துத்தான் வாங்குனீகளா, இல்ல பாவம்னு சும்மா குடுத்தாய்ங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடையில மத்த மீனெல்லாம் ஆளக் கண்டதும் கண்ணாடிகிட்ட வந்து நின்னுச்சு. இது மட்டும் ஓடிப்போய் ஒளிஞ்சுக்கிருச்சு. நம்ம பய ஞாபகம் வந்துருச்சு, வாங்கிட்டேன்." உன்னை அனுப்பிவிட்டு வந்த வீட்டில், ஒளிந்துகொள்கிற ஒரு ஆள் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

நீயும் அப்படித்தானே இருந்தாய். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். வந்தவர்கள் முன்னால் மானம் போகிறதே என்று நான் உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, ரைம்ஸ் சொல்லு, மாமாவுக்கு வணக்கம் சொல்லு என்று பாடாய்ப் படுத்துவேன். நீ வெளிறிப்போய் நிற்பாய். "விடுடி, அவனா வருவான்" என்பார் அப்பா. வந்தவர்கள் கிளம்புகிற நேரத்தில் நீயாகவே வந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாய். மீனிடமும் அவர் அதையேதான் செய்தார். வாய் உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் வைத்துக் கொடுத்தார். அதற்குள் போய்ப் புகுந்துகொண்டு வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. நான் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டால் இன்னும் வெளுக்கும், முதுகில் கருந்திட்டு விழும். அவர் தட்டவே மாட்டார். கப்பலூர் கம்பெனியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, வெளிய வாரது?" என்பார். பிறகு சும்மா இருப்பார். ஒருநாள் அது வந்தது. அவர் உள்ளங்கைக்கு நேராக வந்து நின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால் பக்கமிருந்து சிவக்க ஆரம்பித்தது. அவர் என்னைக் கூப்பிட்டார். நான் வந்ததும் அது வெளுத்து உள்ளே போய்விட்டது. கடைசிவரைக்கும் அவருக்கு மட்டும்தான் அந்த நிறம்.

அதை வாஸ்து மீனாக்கியது உன் அத்தைதான். ஊரிலிருந்து வந்தவள் தொட்டியைப் பார்த்ததும், இது ஈசானிய மூலையில் இருக்க வேண்டும் என்று நின்ற காலில் நின்று நகர்த்த வைத்தாள். வீட்டுக்கு வருகிற கண்டத்தை மீன் தன் மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும், மனுஷர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். "அதுக்குத்தான மதினி எல்லாரும் வளக்குறாக?" என்று என்னைக் கேட்டாள். அப்பா அவளைக் கேலி செய்தார். "எங்க மாப்ள யாருக்காகவும் சாக மாட்டாருத்தா, அவரு கூச்ச சுபாவம்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீயும்தான் சிரித்தாய், லீவுக்கு வந்திருந்தாய்.

நான் ரிட்டயர் ஆன வருஷமே அவர் போய்விட்டார். இனிமேல் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து டீக் குடிக்கலாம் என்று பேசிவைத்ததெல்லாம் சில மாதங்களோடு சரி. அன்றைக்கு நடந்ததில் ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அவர் வருகிற நேரம். மீன் பூந்தொட்டியை விட்டு வெளியே வந்து சிவந்து நின்றது. அது அப்படி வந்தால் அவர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். நான் அதைப் பார்த்துத்தான் டீக்குப் பால் வைப்பது வழக்கம். அன்றும் வைத்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது, ஆனால் உள்ளே யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். கம்பெனி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றார்கள். உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் நாற்றம். அந்த நேரத்திலும் எனக்குள் ஓடியது ஒன்றுதான். உடம்பு வருவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார், மீன் அவரைப் பார்த்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கும், மறந்திருந்தால் இப்படி மூன்று வருஷமாக வீட்டுக்கு வந்தால் ஹாலில் தலையைக் குனிந்துகொண்டு நடக்க மாட்டாய். கருமாதி அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அழுது ஓய்ந்து, தொட்டியைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்: "அம்புட்டுச் சோறு போட்டு வளத்தாரே எங்கண்ணன். அவருக்கு வந்தத இது வாங்கிக்கிட்டுப் போயிருக்கணும்ல? கல்லு மாதிரி உக்காந்துருக்கு பாரு." யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒரு கிழவர் தலையைக்கூட ஆட்டினார். நீ எழுந்தாய். "ஆமா, நீ செத்திருக்கணும்" என்று கத்திக்கொண்டே கண்ணாடியில் ஓங்கி அறைந்தாய். அவர் உள்ளங்கை வைக்கிற அதே இடத்தில். மீன் மிரண்டுபோய்ப் பூந்தொட்டியின் உடைந்த விளிம்பில் மோதியது. விலாப் பக்கம் செதில் பெயர்ந்து தண்ணீரில் மினுங்கிக்கொண்டு இறங்கியது. நீ உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு மாடிக்குப் போய்விட்டாய். பெங்களூருக்குப் புறப்படும் முன்னால், வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்று அப்பாவின் வண்டியைப் பின் தெருவில் குடியிருக்கும், கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாண்டிக்கு விற்றாய். மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் போன பிறகு நானும் அதுவும்தான். அது வெளுத்துப்போய்ப் பூந்தொட்டிக்குள் கிடந்தது. ஹால் லைட்டை அணைத்தால்தான் வந்து ஒரு வாய் தின்னும். நானும் ஏறக்குறைய அப்படித்தான் தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன், மீன் வெளியே நிற்கிறது. சிவந்து, விலாத் தழும்பு மட்டும் வெள்ளையாக, கண்ணாடியில் அவர் கை வைக்கிற இடத்துக்கு நேராக நிற்கிறது. முன்னால் யாருமே இல்லை. என் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்து குச்சியெல்லாம் சிதறியது. மீன் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிறம் இறங்கி, பின்னாலேயே நகர்ந்து உள்ளே போய்விட்டது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. அப்பாவுக்கு ஞாயிறு லீவு. இதற்கு மேல் எனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும், நீயே சொல்.

நான் ஒன்றும் லேசில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. மேற்கு ஜன்னல் வெயில்தான் காரணமோ என்று போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன். அப்போதும் வந்தது. டிவியை நகர்த்தினேன், விளக்கேற்றுகிற நேரத்தை மாற்றினேன், அப்போதும் வந்தது. பயந்துபோய்த் தொட்டி மேலேயே பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். மூடின பிறகு அது ஹாலில் ஒரு உடம்பைக் கிடத்தியிருப்பது போல இருந்தது. அரை மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை, எடுத்துவிட்டேன். பயம் கொஞ்ச நாளில் போய்விட்டது. அதற்கடுத்து வந்ததுதான் மோசம். எனக்குப் பொறாமை வந்தது. கட்டிய பெண்டாட்டி இங்கே உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணுக்குத் தெரியாமல் வந்து மீனைப் பார்த்துவிட்டுப் போகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. அப்புறம் அதுவும் பழகிவிட்டது. இரண்டு டம்ளர் டீ போடுவேன். தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னங்க, மோட்டார் மறுபடியும் ரிப்பேரு. உங்க மகன் பாக்குற பொண்ணையெல்லாம் வேணாங்கிறான்" என்று நியாயம் கேட்பேன். மீன் வெளுத்ததும், சரி கிளம்பிவிட்டார் என்று ஆறிப்போன டீயையும் நானே குடித்துவிட்டு எழுந்துகொள்வேன். "தனியா இருக்கியேம்மா, எங்கூட வந்துரு" என்று நீ போன் செய்தபோதெல்லாம் நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் இதுதான். நான் தனியாக இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அது நின்றுபோனது. உனக்கும் சுகன்யாவுக்கும் நிச்சயம் ஆன அதே வாரம். சாயங்காலம் ஆகும், டீ ஆறும், மீன் பூந்தொட்டிக்குள்ளேயே கிடக்கும். மறுநாளும் வரவில்லை. மகன் கல்யாணம் முடிவாகிவிட்டது, இனி நமக்கு இங்கே வேலையில்லை என்று போய்விட்டார் என நினைத்தேன். நல்ல விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அவர் இறந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஒரு அளவோடுதான் அழ முடிந்தது. இப்போது யாரும் இல்லை. ஒரு வாரம் நான் அழுத அழுகை அந்த மீனுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் மதியம், ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நட்ட நடு மதியம். மீன் விருட்டென்று வெளியே வந்து சிவந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது. பெல் அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால் ஜெராக்ஸ் கடைப் பாண்டி, நெற்றி நிறைய விபூதியோடு, கையில் டப்பாவோடு நிற்கிறார். "பழனிக்கு நடந்து போயிட்டு வந்தேன்க்கா. அப்படியே ஊருல எங்கக்கா வீட்டுல தங்கிட்டேன். இந்தாங்க பஞ்சாமிர்தம்." அவருக்குப் பின்னால் கேட்டை ஒட்டி அப்பாவின் வண்டி நின்றது. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பின் மட்கார்டில் ஒட்டிய புலி ஸ்டிக்கர், பாதி கிழிந்துபோய் அப்படியே இருக்கிறது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பாண்டி, அந்த வண்டிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். "ஏன்க்கா, சைலன்சர் சத்தம் ரொம்பக் கேக்குதா? மாத்தணும்னுதான் இருக்கேன்" என்றார். "பண்ணுங்க, சொல்றேன்." ஸ்டார்ட் செய்தார். வாசற்படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வெளுக்க ஆரம்பித்திருந்த மீன் மறுபடி சிவந்து, கதவுப் பக்கம் பார்த்தபடி நின்றது. நிறுத்தச் சொன்னேன். நிறம் இறங்கியது. "இன்னொருக்கா" என்றேன். பாண்டிக்கு முகம் மாறிவிட்டது. "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? பெங்களூருக்குத் தம்பிக்குப் போனப் போடவா?" என்று கேட்டார். தினமும் கோர்ட்டு வேலை முடிந்ததும் கடையை அடைத்துவிட்டு நம் தெரு வழியாகத்தான் அவர் வீட்டுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு இல்லை, கடையும் இல்லை. நடந்து பழனிக்குப் போனவர் வண்டியை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பா இறந்த அன்று கம்பெனிக்காரர்கள் எதில் வந்தார்கள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்பாவின் வண்டியை வீட்டில் சேர்க்க வேண்டும் என்று அதிலேயே வந்திருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு அது வாசலில் நின்றதை நான் பார்த்தேன், யோசிக்கத்தான் இல்லை.

ஆக, வந்துகொண்டிருந்தது அவர் இல்லை. மூன்று வருஷம் நான் ஒரு சைலன்சருக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதலில் சிரித்தேன், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேய் இல்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்பார்கள், எனக்கு அப்படி இல்லை. அவர் வண்டிச் சத்தத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டவள் நான். தினமும் சாயங்காலம் அது என் வாசலைக் கடந்து போயிருக்கிறது, ஒருநாள்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த வாயில்லாப் பூச்சிக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஏன் சாகவில்லை என்று கேட்ட அந்த மீன்தான் இந்த வீட்டில் இன்னமும் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. வண்டி முக்கில் திரும்பும்போது வெளியே வரும். சத்தம் நிற்காமல் போய்விடும். நிறம் இறங்கும். உள்ளே போய்விடும். மறுநாள் திரும்பவும் வரும். இப்போது காரணம் தெரிந்தும் அதைப் பார்க்க எனக்கு முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உனக்கு அந்த மீன் மேல் கோபம் இல்லை, பிரபு. கோபம் என்றால் மூன்று வருஷத்தில் ஆறியிருக்கும். உனக்கு அதன் முன்னால் நிற்கக் கூச்சம். தீபாவளிக்கு வந்தபோது ஹாலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாய், தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. உனக்கு இப்போது அப்பாவின் குரல் வந்துவிட்டது. மீன் பூந்தொட்டியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. உன்னைத் திரும்பிப் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இழுத்து நிறுத்தினால் நீ வெளுத்துப்போவாய் என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றாவது என்னிடம் மிச்சம் இருக்கிறது.

சுகன்யா வரப்போகிறாள். போர்த் தண்ணீரிலிருந்து கார்ப்பரேஷன் தண்ணீருக்கு மாற்றினாலே அந்த மீன் இரண்டு நாள் வெளுத்துக் கிடக்கும். வீடு மாறி வருகிற பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அடுப்படியை விட்டு வெளியே வந்ததே இல்லை, இன்று இப்படி வாயடிக்கிறேன் என்று யாரும் நம்ப மாட்டார்கள். உன் அப்பா ஒரு தடவைகூட "ஏன் இப்படி இருக்க" என்று கேட்டதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். அவள் பேசாமல் இருந்தால் நீயும் தட்டாதே. உட்கார்ந்திரு. அவள் வருவாள். நீ ஒளிந்துகொள்கிற நாளில் அவள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளிடம் நீயே சொல்லிவை, மாமியார் சொன்னால் நன்றாக இருக்காது.

தொட்டியை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். பெயிண்டரிடம் அந்தச் சுவரைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், பெயிண்ட் வாடை மீனுக்கு ஆகாது. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் பஸ் மாட்டுத்தாவணிக்கு வரும்போது ஆட்டோ பிடிக்காதே. பாண்டி அன்று சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு, வண்டியோடு அங்கே நிற்பார். "நான் பஸ்ஸுல வந்துர்றேன்க்கா, வண்டியத் தம்பியே ஓட்டிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். நீ அதை ஓட்டிக்கொண்டு வா. நம் தெரு முக்குக்கு வந்ததும் அப்பா செய்வது மாதிரி, பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, அங்கேயே இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்து. பிறகு உள்ளே வந்து அவர் உட்காருகிற இடத்தில் உட்கார். அறைந்த கையைக் கண்ணாடியில் வை. அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அன்று உன்னை எதிர்கொள்ள நான் வாசலுக்கு வரவில்லையே என்று நினைக்காதே. நான் மீனைப் பார்த்துக்கொண்டு ஹாலில்தான் உட்கார்ந்திருப்பேன். அது சிவந்ததும் பால் வைப்பேன்.

அம்மா